டெஸ்க்டொப்புக்கு ரேம் கூட்டுவது: பார்த்து வாங்குவதிலிருந்து பூட்டிச் சோதிப்பது வரை

வன்னியில் வீடுகளிலும் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் நான் திறந்து பார்க்கிற டெஸ்க்டொப்புகளில் அதிகமானவை பாவித்து விற்கப்பட்டவை. வெளிநாட்டு அலுவலகங்களில் சில வருடம் ஓடிவிட்டு இங்கே வந்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்டர் மெஷின்கள். உறுதியான சாமான்கள், பத்து வருடம் தாண்டியும் ஓடும். ஆனால் கைக்கு வரும்போது பலவற்றில் 4ஜிபி ரேம்தான் (திறந்திருக்கும் வேலைகளை மெஷின் வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) இருக்கும். பிள்ளை ஏ.எல். தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு ஒரு சொப்ட்வெயாரைத் திறக்கும், பக்கத்தில் குரோமில் நான்கு பக்கம் திறந்திருக்கும், மெஷின் திணறத் தொடங்கிவிடும். ரேம் கூட்டினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். எந்த ரேம் என்பதில்தான் ஆக்கள் மாட்டுப்படுகிறார்கள்.

துணுக்காயிலோ முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவருக்குப் பிழையான ரேம் என்றால் இன்னொரு நாள் போச்சு. பஸ் எடுத்து ஏ9 வீதிக்கு வந்து, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய், கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லி நிற்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பூட்டுகிற வேலையைவிட, வாங்கப் புறப்படும் முன் வீட்டில் இருந்தே பார்க்க வேண்டியவற்றுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பூட்டுவது பத்து நிமிட வேலை.

முதலில், குறை ரேமில்தானா?

வழக்கமாகச் செய்யும் வேலை எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைப் பாருங்கள். 85, 90 சதவீதத்தில் நின்றால் ரேம் போதவில்லை. 50 சதவீதம்தான் ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால், உங்களை இழுத்து வைத்திருப்பது பழைய ஹார்ட் டிஸ்க். அந்த மெஷினுக்கு ரேமில் காசைப் போடாமல் முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு) போடுங்கள். இரண்டும் உச்சத்தில் நின்றால் ரேமை முதலில் பாருங்கள்: ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது, டிஸ்க் அதனாலும் திணறும்.

கையோடு இன்னொன்றையும் பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு அபவுட் என்று போனால் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று காட்டும். 32 பிட் என்றால் 4ஜிபிக்கு மேல் எவ்வளவு பூட்டினாலும் அது எடுக்காது. அந்த 4ஜிபியிலும் 3 சொச்சம்தான் பாவனைக்குக் கிடைக்கும். பழைய மெஷின்களில் இன்றைக்கும் 32 பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அவற்றுக்கு முதலில் 64 பிட் போட்டுவிட்டுத்தான் ரேம் பற்றி யோசிக்க வேண்டும்.

மெஷினின் வயதையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி போட இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைப் புரொசசராவது வேண்டும் (தலைமுறையை அறியும் வழி கீழே வருகிறது). அதனால் 3ஆம், 4ஆம் தலைமுறை மெஷினுக்கு 8ஜிபியும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு, வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட் போன்றதொன்றை ஏற்றிப் பாவியுங்கள். அதற்கு மேல் அந்த மெஷினில் காசைக் கொட்ட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். 16ஜிபி வேண்டிய வேலை என்றால் அந்தக் காசை அடுத்த மெஷினுக்குச் சேருங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறிவது

டாஸ்க் மனேஜரின் அதே மெமரிப் பக்கத்தில், ரேம் பூட்டும் ஸ்லொட் மொத்தம் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது, ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்ற மூன்றும் இருக்கும். எழுதி வையுங்கள். அப்புறம் சிபியூ-இசட் என்ற இலவச சொப்ட்வெயாரை இறக்கிப் போட்டால் மிச்சம் எல்லாம் தெரியும். மதர்போட்டின் (எல்லாப் பாகமும் பூட்டியிருக்கும் பெரிய பலகை) மொடல், ரேமின் வகை டிடிஆர்3யா டிடிஆர்4ஆ, ஒவ்வொரு ஸ்லொட்டிலும் என்ன அளவு, எந்த நிறுவனம் என்று பிரித்துக் காட்டும். ஒரு கவனம்: சிபியூ-இசட் காட்டும் மெகாஹேர்ட்ஸ் கணக்கு உண்மை வேகத்தின் பாதி. 800 என்று காட்டினால் உங்களிடம் இருப்பது 1600. பயந்துவிட வேண்டாம்.

டெல் மெஷின் என்றால் பெட்டியில் சேர்விஸ் டேக் என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அந்த எழுத்துகளை டெல் இணையத்தளத்தில் கொடுத்தால் அந்த மெஷின் ஃபெக்டரியிலிருந்து என்ன சாமானுடன் வந்தது, ஆகக்கூடியது எவ்வளவு ரேம் எடுக்கும் என்பதற்கான மேனுவல் கிடைக்கும். எச்பி, லெனோவோவிலும் மொடல் இலக்கத்தை வைத்து இதே மாதிரி எடுக்கலாம். கடைக்காரர் சொல்வதைவிட, நண்பர் சொல்வதைவிட, நான் இங்கே சொல்வதையும்விட மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

எந்த டிடிஆர்?

இதில் பிழைத்தால் ரேம் ஸ்லொட்டில் இறங்கவே இறங்காது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அடியில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளம் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில். ஒன்றை மற்றதன் ஸ்லொட்டில் போட முடியாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1.

இன்டெல் மெஷினில் புரொசசரின் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடும். ஐ5-4570 என்றால் முதல் இலக்கம் 4, அதாவது 4ஆம் தலைமுறை. ஐ5-10400 என்றால் 10ஆம் தலைமுறை. 4ஆம் தலைமுறையும் அதற்கு முந்திய ஐ3, ஐ5, ஐ7 எல்லாமும் டிடிஆர்3. 8 முதல் 11 வரை டிடிஆர்4 என்று எடுத்துக்கொள்ளலாம். 12, 13, 14ஆம் தலைமுறைப் புரொசசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் மதர்போட் ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும், அதனால் மதர்போட்டைப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது. ஏஎம்டி ரைசன் பக்கம் இது சுலபம். புரொசசர் உட்காரும் சொக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5, வேறு பேச்சில்லை.

6ஆம், 7ஆம் தலைமுறையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அவை டிடிஆர்4ஐயும் ஏற்கும், டிடிஆர்3எல் என்ற 1.35 வோல்ட் வகையையும் ஏற்கும். டெல் ஒப்டிபிளெக்ஸையே பாருங்கள். 3040, 5040, 7040 மூன்றும் ஒரே காலத்து மெஷின்கள், மூன்றிலும் 6ஆம் தலைமுறைப் புரொசசர். 7040இல் டிடிஆர்4. 3040இலும் 5040இலும் டிடிஆர்3எல். "ஆறாம் ஜெனரேஷன் ஒப்டிபிளெக்ஸுக்கு ரேம் வேணும்" என்று மட்டும் கேட்டுப் போனால் பிழையான சாமானோடு திரும்பி வர நல்ல வாய்ப்பிருக்கிறது.

எல் என்ற அந்த ஒரு எழுத்தை விட்டுவிட வேண்டாம். டிடிஆர்3எல் ரேம் 1.35 வோல்ட்டிலும் ஓடும், 1.5 வோல்ட்டிலும் ஓடும். அதனால் பழைய டிடிஆர்3 மெஷினில் அதைத் தாராளமாகப் போடலாம். மறுவளமாகச் செய்யக் கூடாது: 1.35 வோல்ட் கேட்கும் மெஷினில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் மெஷின் எழும்பாமல் போகலாம், ஓடினாலும் புரொசசருக்கு நல்லதில்லை. இரண்டில் ஒன்று எடுக்கலாம் என்ற நிலை வந்தால் எல் போட்டதையே எடுங்கள்.

இன்னும் ஒன்று. பெயரில் மைக்ரோ, டைனி, மினி என்று வரும் சின்னப் பெட்டி மெஷின்களுக்கு டெஸ்க்டொப் ரேம் பொதுவாகச் சரிவராது. அவற்றில் மடிக்கணினிக்குப் போடும் கட்டை ரேம், எஸ்ஓடிம் என்பார்கள், அதுதான் இருக்கும்.

லேபிளை வாசிப்பது

ரேம் துண்டில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரில் வேண்டிய எல்லாம் இருக்கிறது. இப்படி ஒன்றை எடுப்போம்: 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி-யூஏ2-11 (8GB 1Rx8 PC4-2400T-UA2-11). முதலாவது அளவு. பிசி4 என்றால் டிடிஆர்4. 2400 வேகம். அடுத்து வரும் யூஏ2 என்பதில் யூ (U) என்ற எழுத்தைத்தான் தேட வேண்டும். சாதாரண டெஸ்க்டொப் ரேம் என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த இடத்தில் எஸ் (S) இருந்தால் மடிக்கணினி ரேம். ஆர் (R) இருந்தால் சேர்வர் ரேம். அது உங்கள் மெஷினில் ஓடாது. இணையத்தில் ஆச்சரியமான மலிவு விலைக்கு 16ஜிபி துண்டுகளைக் கண்டால் முதலில் இந்த எழுத்தைத் தேடிப் பாருங்கள். பல தடவை ஆர் ஆகத்தான் இருக்கும். ஈ (E) என்றால் ஈசிசி, பிழையைத் தானே திருத்தும் வகை. அதையும் சாதாரண வீட்டு மெஷினுக்கு வாங்க வேண்டாம்.

டிடிஆர்3 லேபிளில் வேகத்துக்குப் பதிலாகப் பெரிய இலக்கமொன்று வரும்: பிசி3எல்-12800யூ. அந்த இலக்கத்தை 8ஆல் பிரியுங்கள். 12800ஐப் பிரித்தால் 1600. 10600 என்றால் 1333. பிசி4-19200 என்று அச்சிட்டிருந்தால் 2400, பிசி4-21300 என்றால் 2666.

1ஆர்எக்ஸ்8 என்ற பகுதி துண்டில் உள்ள சிப்புகளின் அடுக்கைச் சொல்கிறது. புதிய மெஷின்களில் இதைப் பற்றி அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. 1ஆர்எக்ஸ்16 என்று நான்கே நான்கு சிப் உள்ள துண்டு கொஞ்சம் மெதுவானது, அதே விலைக்கு எட்டு சிப் துண்டு கிடைத்தால் அதை எடுங்கள், அவ்வளவுதான். கோர் 2 டியோ காலத்து மெஷின் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஜி41 சிப்செட் (மதர்போட்டின் முக்கிய சிப்) உள்ள மதர்போட்டுகள் 4ஜிபி துண்டு எடுக்கும், ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ளதை மட்டும்தான். எட்டு சிப் உள்ள 4ஜிபியை அது அடையாளம் காணாது. ஏஎம்டிக்கு மட்டும் என்று போட்டு மலிவாக விற்கும் டிடிஆர்2, டிடிஆர்3 துண்டுகளும் இன்டெல் மெஷினுக்கு ஆகாது.

வேகத்தில் பயப்பட ஒன்றுமில்லை. 2400 ஓடும் மெஷினில் 2666 ரேமைப் போட்டால் அது 2400இல் ஓடும். வேகம் வேறுபட்ட இரண்டு துண்டு போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு வந்துவிடும். கேமிங் ரேம் என்று 3200, 3600 அச்சிட்டு அலுமினியத் தகடு போட்டு வருபவை அந்த வேகத்தில் ஓட, பயொஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போட்டின் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைப் போட்டுவிட வேண்டும். பாவித்து விற்கும் அலுவலக மெஷின்களில் அந்த வசதி பொதுவாக இருக்காது. ஆகவே அவற்றுக்குத் தகடில்லாத சாதாரண ரேமே போதும். சின்னப் பெட்டிகளில் தகடு இடிக்கவும் செய்யும்.

எவ்வளவு, எத்தனை துண்டு?

4ஜிபியிலிருந்து 8க்குப் போகும்போது வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, முதல் நாளே தெரியும். வீட்டுக்கும், போட்டோக்கொப்பிக் கடைக்கும், பள்ளிப் பிள்ளைகளின் படிப்புக்கும் 8 போதும். கலியாண அல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர், கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படித்துக்கொண்டு வரைபட சொப்ட்வெயார் ஓட்டும் பிள்ளை, வீடியோ வெட்டுபவர், இவர்களுக்கு 16. அதற்கு மேல் தேவைப்படுபவருக்குத் தன் தேவை தனக்கே தெரிந்திருக்கும்.

மெஷினின் எல்லையையும் பாருங்கள். 4ஆம் தலைமுறை வரை ஒரு ஸ்லொட்டுக்கு ஆகக்கூடியது 8ஜிபி. எச்61, எச்81 சிப்செட் மதர்போட்டுகளில் பொதுவாக இரண்டே ஸ்லொட், ஆக 16தான் முடிவு. அந்த மெஷினுக்கு ஒற்றை 16ஜிபி டிடிஆர்3 துண்டு என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

ரேமை இரண்டு துண்டாகப் போடுவது ஏன் நல்லது? புரொசசர் ரேமோடு இரண்டு வழியில் பேசக்கூடியது. ஒரு துண்டு மட்டும் இருந்தால் ஒரு வழிதான் திறந்திருக்கும். குளத்தில் ஒரு துருசைத் திறப்பதற்கும் இரண்டையும் திறப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. குளத்துத் தண்ணீர் அதேதான், வயலுக்குப் பாயும் வேகம் கூடும். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷின்களில் திரைக்கு வரும் படமும் இந்த ரேமிலிருந்தே பங்கு எடுப்பதால் அங்கே பலன் நன்றாகத் தெரியும்.

அப்போ இரண்டு ஸ்லொட், ஒன்றில் 4ஜிபி, மற்றது காலி. இன்னொரு 4 போடுவதா, 8 போடுவதா? காசு இடம் கொடுத்தால் 8 போடச் சொல்வேன். மொத்தம் 12 வரும். அதில் 4உம் 4உமாக 8ஜிபி இரண்டு வழியிலும் ஓடும், மிச்ச 4 மட்டும் ஒரு வழியில். அளவு வேறென்பதால் கெடுதல் ஒன்றும் வராது. நாளைக்கு அந்தப் பழைய 4ஐக் கழற்றி இன்னொரு 8 போட்டால் 16 ஆகிவிடும். டிடிஆர்5 மெஷினில் மட்டும் நான்கு துண்டு போடுவதைத் தவிருங்கள். நான்கு போட்டால் பல போட்டுகள் வேகத்தைக் குறைத்துவிடும். அங்கே இரண்டு பெரிய துண்டுதான் சரி.

வாங்கும்போது

பழைய ரேம் துண்டையே கழற்றிக் கடைக்குக் கொண்டு போவதுதான் ஆகச் சிறந்த வழி. முடியாவிட்டால் லேபிளை வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுத்துக்கொண்டு போங்கள். மெஷினின் மொடல், மதர்போட் பெயர், புரொசசர் பெயர் மூன்றும் கூடவே இருக்கட்டும். சின்னப் பெட்டி என்றால் மெஷினையே தூக்கிக்கொண்டு போய், கடையிலேயே பூட்டி, திரை வந்து முழு அளவும் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பில்லில் வெறுமனே ரேம் என்று எழுத விட வேண்டாம். வகை, அளவு, வேகம், வாரண்டிக் காலம் நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்பது பிரச்சினையில் முடியும்.

டிடிஆர்3 பாவித்ததாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதில் தப்பில்லை, ரேம் சுலபத்தில் தேய்கிற சாமான் அல்ல. ஆனால் தங்க நிறப் பின்களில் கருகிய அடையாளம் இருக்கக் கூடாது, சிப் எதுவும் உடைந்தோ ஆடியோ இருக்கக் கூடாது. லேபிளில் உள்ளதும் சிபியூ-இசட் காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்; லேபிளை மாற்றி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

விலையைப் பற்றி ஒரு சொல். 2025 பிற்பகுதியிலிருந்து உலகச் சந்தையில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுச் சேர்வர்களுக்காக உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியதுதான் காரணம். ரேம் தயாரிக்கும் மைக்ரோன் நிறுவனம் குரூசியல் என்ற பெயரில் பாவனையாளருக்கு விற்றுவந்த வியாபாரத்தை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே அதற்கு முன் யாரோ வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். அன்றைக்கு இரண்டு மூன்று கடையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் கொண்டுவரச் சொல்வதும் நம் பக்கத்தில் வழக்கம். அப்படி வருவதைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை என்பதால் எழுத்தில், படத்தோடு சொல்ல வேண்டும். இப்படி அனுப்பலாம்: "சித்தப்பா, டெஸ்க்டொப்புக்குப் போடுற நீட்டு ரேம் ஒண்டு வேணும். டிடிஆர்4, 8ஜிபி, 2400 அல்லது 2666. ஈசிசி எண்டு போட்டிருந்தா வேண்டாம். லப்டொப்புக்குப் போடுற கட்டை ரேமும் வேண்டாம். இப்ப இருக்கிறதின்ர படம் அனுப்பியிருக்கிறன், கடையில அதைக் காட்டுங்கோ." இது போய்ச் சேர்ந்தால் சித்தப்பாவுக்கும் தலையிடி இல்லை.

எப்படி வந்தாலும் ரேமை அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் உறையிலோ, நிலைமின் தடுக்கும் வெள்ளி நிறப் பையிலோ கொண்டு வாருங்கள். வெறும் ஷொப்பிங் பையில் போட்டு, பஸ்ஸில் சாமான்களுக்கிடையில் கசங்க விட வேண்டாம்.

பூட்டுவது

முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். மெஷினை முழுவதுமாக நிற்பாட்டுங்கள். ஷிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் அரைகுறையாகத் தூங்காமல் ஒழுங்காக நிற்கும். சுவரில் சுவிட்சை நிற்பாட்டியது போதாது, வயரையே கழற்ற வேண்டும். யூபிஎஸ் இருந்தால் அதிலிருந்தும். எல்லா வயரையும் கழற்றிய பிறகு பவர் பொத்தானை ஐந்தாறு செக்கன் அழுத்திப் பிடித்தால் உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வெளியேறிவிடும்.

பெட்டியைத் திறந்ததும் வன்னியில் முதலில் செய்ய வேண்டியது தூசி எடுப்பது. கோடையில் வீதிப் புழுதி எந்த வீட்டு ஜன்னலுக்கும் வந்துவிடும். விசிறியின் இறக்கைகளில் செம்மஞ்சள் படையாகப் படிந்திருக்கும். பெட்டியை விறாந்தைக்கு வெளியே கொண்டு போய், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். காற்று அடிப்பதென்றால் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், காற்றில் அது சுழலக் கூடாது. எறும்புக் கூடோ பல்லி எச்சமோ இருந்தால் துப்புரவாக எடுங்கள். பல்லி எச்சம் ரேம் ஸ்லொட்டுக்குள் விழுந்தால் பின்கள் அரித்துப்போகும்.

பிறகு பெட்டியை மேசையில் படுக்க வையுங்கள், மதர்போட் மேலே பார்க்கும்படி. இப்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த வயர் எங்கே இருந்தது என்று பின்னர் குழப்பம் வராது. ரேமைத் தொடும் முன் பெட்டியின் பெயின்ட் பூசாத இரும்பு பாகத்தைக் கையால் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின் இறங்கிவிடும். வேலையின் இடையிலும் அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள். ரேமை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பின்களில் விரல் படக் கூடாது. சின்ன ஒப்டிபிளெக்ஸ்களில் ஹார்ட் டிஸ்க் தட்டு ரேம் ஸ்லொட்டை மறைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றினால்தான் கை போகும்.

எந்த ஸ்லொட்? நான்கு ஸ்லொட் உள்ள சாதாரண மதர்போட்டில் இரண்டு துண்டு போடுவதென்றால் பெரும்பாலும் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். போட்டில் ஏ2, பி2 என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். டெல், எச்பி மெஷின்களின் ஒழுங்கு வேறாக இருக்கலாம். பிடிகளின் நிறமும் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் படமும் அதைச் சொல்லும்.

ஸ்லொட்டின் இரு முனையிலும் உள்ள பிடிகளை வெளிப்பக்கம் தள்ளித் திறங்கள். சில போட்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் பிடி அசையும், மற்றப் பக்கம் நிலையாக இருக்கும். அதை வலிந்து இழுக்க வேண்டாம். ரேமின் அடியில் உள்ள பள்ளத்தை ஸ்லொட்டில் உள்ள மேட்டுக்கு நேராகப் பிடியுங்கள். பள்ளம் நடுவில் இல்லை, ஒரு பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும். நேர் வராவிட்டால் துண்டைத் திருப்பிப் பிடியுங்கள். நேராக நிறுத்தி, இரண்டு பெருவிரலாலும் இரு முனையையும் ஒரே சமயம் கீழே அழுத்துங்கள். புதிதாகச் செய்பவர் எதிர்பார்ப்பதைவிடக் கூடப் பலம் தேவைப்படும். போட் லேசாக வளைவது போலத் தோன்றும், பரவாயில்லை. 'டிக்' என்று சத்தம் வந்து பிடி தானாகவே எழும்பி ரேமின் ஓரத்து வெட்டில் உட்கார வேண்டும். பிடியை நீங்கள் தள்ளி மூட வேண்டி வந்தால் ரேம் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம். கண்ணைக் கிட்டக் கொண்டு போய் இரு முனையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா பாருங்கள். பின்களின் தங்க நிறம் ஒரு பக்கம் தெரிகிறதென்றால் கழற்றி மறுபடி போடுங்கள். பள்ளம் பொருந்தாமலே அழுத்துவதுதான் ஸ்லொட்டை உடைக்கும், அதற்கு மருந்தில்லை.

மூடியைப் போடாமல், மொனிட்டர், கீபோட், பவர் மட்டும் கொழுவி மெஷினைப் போடுங்கள். டெல் மெஷின் நினைவகத்தின் அளவு மாறியிருக்கிறது என்று ஒரு செய்தி காட்டி நிற்கும். அது பிழைச் செய்தி அல்ல, எஃப்1 அழுத்தினால் போய்விடும். டிடிஆர்5 மெஷினில் முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். ரேமோடு பழகிக்கொள்ள அதற்கு நேரம் வேண்டும், அவசரப்பட்டுப் பவரை நிற்பாட்டாதீர்கள்.

திரை வராவிட்டால்

பதற வேண்டாம். வயரைக் கழற்றி, புதிய ரேமை எடுத்துவிட்டு, பழையதை மட்டும் அதன் பழைய ஸ்லொட்டில் போட்டுப் பாருங்கள். எழும்பினால் மெஷின் நலம். அடுத்து புதியதை மட்டும் அதே ஸ்லொட்டில் போடுங்கள். அதிலும் எழும்பினால் பிரச்சினை மற்ற ஸ்லொட்டில், அல்லது இரண்டு துண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எழும்பவே இல்லை என்றால் ரேம் பொருந்தாதது அல்லது பழுதானது. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி வேறில்லை.

பின்கள் மங்கலாக இருந்தால், வெள்ளை அழிறப்பரால் மெதுவாக ஒரு திசையில் தேயுங்கள். துகள் ஒன்றும் மிஞ்சாமல் துடைத்து, ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துக் காய விடுங்கள். மாரி ஈரத்தில் பல மாதம் ஓடாமல் கிடந்த மெஷின்களில் இது ஒன்றே பல சமயம் போதுமாயிருக்கும். மெஷின் பீப் சத்தம் போட்டாலோ பவர் பொத்தான் ஆரஞ்சு நிறத்தில் மினுங்கினாலோ அதன் எண்ணிக்கையை எழுதி மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கணக்கு வேறு. கடைசியாக, மதர்போட்டில் உள்ள வட்ட பற்றரியைச் சில நிமிடம் கழற்றிப் போட்டால் பயொஸ் பழைய அமைப்பை மறந்து புதிதாக எழும்பும். அதற்குப் பிறகு திகதியும் நேரமும் சரி செய்ய வேண்டியிருக்கும்.

விண்டோஸ் திறந்து, அளவு மட்டும் குறைவாகக் காட்டுகிறதா? டாஸ்க் மனேஜரில் ஹார்ட்வெயார் ரிசேர்வ்ட் என்ற வரியைப் பாருங்கள். கிராஃபிக்ஸுக்காகச் சில நூறு எம்பி போவது வழமை. பல ஜிபி போயிருந்தால் துண்டு சரியாக உட்காரவில்லை, அல்லது சிஸ்டம் கொன்ஃபிகரேஷனில் பூட் பகுதியின் மேலதிக அமைப்புகளுக்குள் மக்ஸிமம் மெமரி என்ற கட்டத்தில் யாரோ சரி போட்டிருக்கிறார்கள். அந்தச் சரியை எடுத்துவிட்டு மெஷினை நிற்பாட்டி மறுபடி எழுப்புங்கள்.

சோதிக்காமல் விட வேண்டாம்

மெஷின் எழும்பிவிட்டதென்று ஆக்கள் இதை விட்டுவிடுகிறார்கள். பழுதான ரேம் பல நாள் அமைதியாக ஓடும். பிறகு திடீரென்று நீலத்திரை வரும், அல்லது பிள்ளை செய்த ஒப்படை திறக்க முடியாத கோப்பாகப் போய்விடும். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் என்று தேடி ஓட்டுவது முதல் சோதனை. அதைவிட ஆழமானது மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச சொப்ட்வெயார். அதைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து மெஷினை எழுப்பி, இரவு படுக்கும்போது ஓட விடுங்கள். கரண்ட் போய் வந்தால் சோதனை முதலிலிருந்து தொடங்கும் என்பதால் யூபிஎஸ் இருந்தால் நல்லது. குறைந்தது ஒரு பாஸ், அதாவது சோதனையின் ஒரு முழுச் சுற்று, முடிய வேண்டும், ஒரு பிழையும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் துண்டுகளைத் தனித்தனியாகச் சோதித்து எது என்று கண்டுபிடியுங்கள். புதியது என்றால் திரையைப் படமெடுத்து, பில்லோடு வாரண்டிக் காலத்துக்குள் கடைக்குக் கொண்டு போங்கள். ஒரு பிழைதானே என்று கடைக்காரர் சொன்னாலும் விட்டுவிட வேண்டாம். நல்ல ரேமில் அந்த எண்ணிக்கை பூச்சியம்தான்.

கழற்றிய பழைய துண்டை வெள்ளிப் பையில் போட்டு, மேலே வகையையும் அளவையும் எழுதி மேசை லாச்சியில் வையுங்கள். அடுத்த முறை மெஷின் எழும்பாமல் நின்றால், குறை ரேமிலா வேறெங்குமா என்று வீட்டிலேயே பார்க்க அது உதவும்.